ஒரு கிரவுண்டு மனையில் இரண்டு கறவை மாடுகள்: கட்டுபடியாகுமா?

மணலி புதுநகரில் ஒரு கிரவுண்டு காலி மனை இருப்பதாகவும், அதில் நாளொன்றுக்கு 20 லிட்டர் கறக்கும் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினப் பசுக்கள் இரண்டைக் கட்டி, அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பால் ஊற்றினால் கட்டுபடியாகுமா என்றும், மாட்டைப் பற்றி அடிப்படையிலிருந்து விளக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மனையை மட்டும் நம்பி அப்படிப்பட்ட இரண்டு மாடுகளை வாங்க வேண்டாம். 10 முதல் 12 லிட்டர் வரை கறக்கும் ஜெர்சி கலப்பினப் பசு ஒன்றை, அதன் தீவனத்துக்கும் தண்ணீருக்கும் முன்கூட்டியே வழி செய்துகொண்டு வாங்கினால் தொழில் நிற்கும். புதிதாக இறங்குபவர்கள் எல்லோரும் "எத்தனை லிட்டர்" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தீவனம் எங்கிருந்து வரும், அடுத்த கன்று எப்போது பிறக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே லிட்டர் கணக்குக்குப் பொருள் உண்டு.

இனங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காங்கேயம், பர்கூர், உம்பளச்சேரி, ஆலம்பாடி, புலிக்குளம் ஆகிய நம் மாநிலத்து மாடுகள் ஏருக்கும் வண்டிக்கும் வளர்க்கப்பட்டவை. அவற்றின் பால் கன்றுக்கும் வீட்டுக்கும் போதும், வியாபாரத்துக்குக் காணாது. நாட்டு இனங்களில் பாலுக்குப் பெயர் பெற்ற சாஹிவால், கிர், சிவப்புச் சிந்தி, தார்பார்க்கர் ஆகியவை வடக்கிலும் மேற்கிலும் தோன்றியவை. நம் ஊரில் சீமை மாடு என்று பொதுவாக அழைக்கப்படுபவை, நாட்டுப் பசுக்களுக்கு ஜெர்சி அல்லது ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் காளையின் விந்தைச் செலுத்திப் பெறப்பட்ட கலப்பினங்களாகும். ஃப்ரீசியன் நெதர்லாந்துப் பகுதியிலிருந்து வந்தது. உடல் பெரிது, பால் மிகுதி, கொழுப்பு ஏறத்தாழ 3.5 சதவீதம். ஜெர்சி, இங்கிலீஷ் கால்வாயிலுள்ள சிறு தீவொன்றைச் சேர்ந்தது. உடல் சிறிது, பால் குறைவு, கொழுப்பு 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும், வெயிலையும் ஓரளவு தாங்கும். தமிழ்நாட்டின் இனவிருத்திக் கொள்கையில் சமவெளிக்கு ஜெர்சி கலப்பும் மலைப்பகுதிக்கு ஃப்ரீசியன் கலப்பும் என்று வகுத்திருப்பதற்குக் காரணம் இதுதான். வெப்பம் 25 டிகிரியைத் தாண்டியதுமே திணறத் தொடங்கும் ஃப்ரீசியன் இரத்தம் மிகுந்த மாட்டை, மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும், வியர்வை காயாத கடலோர ஊரில் கட்டுவது அதற்கும் நல்லதன்று, உங்களுக்கும் நல்லதன்று.

இனி கன்றுக்கு வருகிறேன். கன்று ஈனாத பசுவுக்குப் பால் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அதைக் கணக்கில் வைப்பவர்கள் குறைவு. கலப்பினக் கிடாரி (பெண்கன்று) நன்றாக வளர்ந்தால் ஒன்றரை வயதுக்குள், ஏறக்குறைய 250 கிலோ எடையில், சினை ஊசிக்கு, அதாவது செயற்கைக் கருவூட்டலுக்கு, தயாராகும். சினைக்காலம் சுமார் 280 நாட்கள். ஈன்றபின் பால் ஏறிக்கொண்டே போய் ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்கும். மொத்தம் 305 நாட்கள் கறந்து, அடுத்த ஈற்றுக்கு முன் 60 நாட்களாவது பாலை வற்றவிட வேண்டும். இந்த ஓய்வைக் கொடுக்காமல் கடைசி வரை கறப்பவர்களுக்கு அடுத்த ஈத்தில், அதாவது அடுத்த கன்றுக்குப் பிந்தைய கறவையில், பால் குறைவது உறுதி.

ஒரு ஈத்தில் கிடைக்கும் மொத்தப் பாலைக் கணிக்க எளிய வழி, உச்சநாள் பாலை 200 மடங்காக்குவது. உச்சத்தில் 15 லிட்டர் கறக்கும் மாடு ஈத்து முழுவதும் 3,000 லிட்டர் கொடுக்கும் என்று கொள்ளலாம். இரண்டு கன்றுகளுக்கு இடைவெளி 400 நாட்கள் என்றால், நாள் சராசரி ஏழரை லிட்டர்தான். சினை பிடிக்காமல் அந்த இடைவெளி 480 நாட்களாக நீண்டால் சராசரி ஆறேகால் லிட்டராகிவிடும். மாடு தின்பதோ 480 நாட்களும் தின்னும். ஆகவே "15 லிட்டர் மாடு" என்று சந்தையில் சொல்லப்படுவது ஒரு சில வாரங்களின் உண்மை மட்டுமே. வீட்டுச் செலவை அந்த எண்ணின் மேல் போட்டுக் கடன் வாங்குபவர்கள் ஐந்தாவது மாதத்தில் தவிக்கிறார்கள்.

சினை பிடிப்பது பெரும்பாலும் கவனிப்பவரின் கையில் இருக்கிறது. ஈன்ற 60 நாட்களுக்குப் பிறகு, 21 நாட்களுக்கு ஒருமுறை வரும் பருவத்தைப் பார்த்து ஊசி போட வேண்டும். மாடு கத்தும், தீவனம் குறைக்கும், பால் சற்றுக் குறையும், பக்கத்து மாட்டின் மேல் தாவும். பிறப்புறுப்பிலிருந்து கண்ணாடிபோல் தெளிவான கோழை தொங்கும். ஒற்றை மாடு வைத்திருப்பவர்களுக்குத் தாவும் அறிகுறி தெரிய வாய்ப்பில்லை என்பதால் கோழையைத்தான் நம்ப வேண்டும். பருவம் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். காலையில் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போடுவது முறை. ஒரு பருவத்தைத் தவறவிட்டால் மூன்று வாரத் தீவனம் வீண். ஊசி போட்டதோடு விட்டுவிடாமல் இரண்டு மூன்று மாதத்தில் மருத்துவரிடம் சினைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்; சினை என்று நம்பி ஆறு மாதம் காத்திருந்து ஏமாந்தவர்கள் திருவொற்றியூரிலிருந்து செங்குன்றம் வரை நிறையப் பேர் உண்டு.

அடுத்தது தீவனம், இந்தத் தொழிலின் செலவில் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது. பசுவின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாம் போடுவதை முதலில் தின்பவை அவைதான். வைக்கோல், புல் ஆகியவற்றின் நாரை அவை புளிக்கவைக்கும்போது உண்டாகும் அசிட்டிக் அமிலம் மடிக்குப் போய்ப் பாலின் கொழுப்பாகிறது. தவிடு, தானியம் ஆகியவற்றின் மாவுச்சத்திலிருந்து வரும் புரோப்பியானிக் அமிலம் கல்லீரலில் குளுக்கோஸாகி, மடியில் பால் சர்க்கரையாகிறது; அந்தச் சர்க்கரை தன்னோடு தண்ணீரை இழுத்துக்கொள்வதால் பாலின் அளவு கூடுகிறது. வைக்கோலைக் குறைத்து மாவையே போட்டால் பால் நீர்த்துப் போவதும், வெறும் வைக்கோல் போட்டால் பால் திண்ணமாக, ஆனால் கொஞ்சமாக வருவதும் இதனால்தான். ஒரு லிட்டர் பால் சுரக்க 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடி வழியே ஓட வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த உடலுக்கு எவ்வளவு தீனி வேண்டும் என்பது புரியும்.

நாளைக்கு 10 லிட்டர் கறக்கும் பசுவுக்கு 20 முதல் 25 கிலோ பசுந்தீவனம், 5 அல்லது 6 கிலோ வைக்கோல், உடலைக் காக்க ஒன்றரைக் கிலோவும் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோவுமாக ஐந்தரைக் கிலோ அடர்தீவனம், 50 கிராம் தாது உப்புக் கலவை ஆகியவை வேண்டும். நீங்கள் கேட்ட 20 லிட்டர் மாட்டுக்கு அடர்தீவனம் மட்டும் ஒன்பதரைக் கிலோ. கடலைப் பிண்ணாக்கு, தவிடு, துவரைப் பொட்டு, உளுந்துப் பொட்டு எல்லாவற்றையும் மூட்டை விலைக்கு வாங்கும் நகரத்துக்காரருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

பசுந்தீவனத்துக்கு உங்கள் மனை காணுமா என்று பார்ப்போம். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதாவது ஐந்தரை சென்ட். கோ 4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், நல்ல மண்ணும் நல்ல தண்ணீரும் இருந்தால், ஏக்கருக்கு ஆண்டுக்கு 150 டன்னுக்குக் குறையாமல் கொடுக்கும். சென்ட்டுக்கு ஒன்றரை டன். உங்கள் மனை முழுவதிலும், ஓர் அடி கூட விடாமல், புல் நட்டாலும் எட்டேகால் டன்தான் வரும். அது நாளைக்கு 22 கிலோ, ஒரே ஒரு மாட்டுக்கு. மாடு நிற்க மாட்டுக்கு 40 சதுர அடி கூரையும், அதைவிடக் கூடுதலாகத் திறந்த இடமும், வைக்கோல் போரும், சாணக் குழியும் எங்கே போகும்? எனவே சோழவரம், பொன்னேரி பக்கம் நல்ல தண்ணீர் உள்ள இடத்தில் 15 அல்லது 20 சென்ட் குத்தகைக்கு எடுத்துப் புல் நடுவதோ, புல் விற்பவரிடம் ஆண்டுக்கு ஒப்பந்தம் பேசுவதோ இல்லாமல் இந்தத் தொழில் நடக்காது. அதோடு வேலிமசால், அகத்தி, தட்டைப்பயறு போன்ற பயறுவகைத் தழையைக் கொஞ்சம் சேர்த்தால் பிண்ணாக்குச் செலவு குறையும்.

இந்த இடத்தில் வடசென்னைக்கே உரிய ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். தீவனச் செலவைக் குறைக்க, கல்யாண மண்டபத்திலும் உணவகத்திலும் மிஞ்சும் சோற்றை வாளி வாளியாக வாங்கி வந்து ஊற்றுகிறார்கள். இரக்கத்தால் செய்வோரும் உண்டு. பொங்கலன்று பொங்கலையே அண்டாவோடு வைத்துவிடுவார்கள். வெந்த சோறு வயிற்றில் மிக விரைவாகப் புளித்து லாக்டிக் அமிலமாகிறது. நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அந்தப் புளிப்பில் மடிகின்றன; மாடு அசைபோடுவதை நிறுத்துகிறது, வயிறு தளும்புகிறது, புளித்த நாற்றத்தோடு கழிகிறது, மிஞ்சினால் ஒன்றிரண்டு நாளில் இறந்துவிடுகிறது. தப்பிப் பிழைத்தவற்றுக்குக் குளம்பு நோய் வந்து நொண்டும். பழகாத மாடு அரிசியையோ சோற்றையோ நிறையத் தின்றுவிட்டால் அசைபோடுகிறதா என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.

இன்னொன்று, அவிழ்த்து விடுவது. கொடுங்கையூர்க் குப்பைமேட்டைச் சுற்றியும், வியாசர்பாடி, புளியந்தோப்புத் தெருக்களிலும் மேயும் மாடுகளின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் பாலித்தீன் பைகள் பந்து பந்தாக வெளிவருகின்றன. அவை செரிக்காது, கழியாது. வயிற்றில் இடத்தை அடைத்துக்கொள்வதால் மாடு தின்னத் தின்ன இளைக்கும். பட்டறைகள் மிகுந்த பகுதியில் ஆணி, கம்பித் துண்டு ஆகியவற்றின் ஆபத்தும் கூடுதல். பசு நாக்கால் சுருட்டி விழுங்குவதால் அவை இரண்டாம் இரைப்பையில் தங்கி, அதன் சுவரைத் துளைத்து, மிக அருகிலேயே இருக்கும் இதயத்தைக் குத்துகின்றன. அவிழ்த்துவிடும் மாட்டுக்குப் பசி தீருவதாகத் தோன்றுவது வெளிப்பார்வைதான்.

சட்டமும் அதற்கு இடம் தரவில்லை. நகர்ப்புறங்களில் விலங்குகள், பறவைகள் வளர்ப்பதை ஒழுங்குபடுத்தும் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி மாடு வளர்க்க உரிமம் வேண்டும். மணலி புதுநகரும் இப்போது சென்னை மாநகராட்சிக்குள் வருவதால் இது உங்களுக்கும் பொருந்தும். தெருவில் திரியும் மாடுகளைப் பிடித்துப் பெரம்பூர், புதுப்பேட்டை பட்டிகளில் அடைத்து அபராதம் வசூலிக்கிறார்கள். சாணத்தை மழைநீர்க் கால்வாயில் தள்ளினால் அண்டை வீட்டாரோடு பகை முதலில் வரும், அதிகாரிகள் பிறகு வருவார்கள்.

தண்ணீருக்கு வருகிறேன். கறவைப் பசு வெயில் காலத்தில் நாளைக்கு 80 முதல் 100 லிட்டர் வரை குடிக்கும்; கழுவுவது தனி. மீஞ்சூர், எண்ணூர் பகுதிகளில் நிலத்தடியில் கடல்நீர் புகுந்திருப்பது பல்லாண்டுச் செய்தி. உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதித்துப் பாருங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலையில்லை. 3,000-ஐத் தாண்டினால் மாடு குடிக்கத் தயங்கும், குடிக்காத நாளில் பால் இறங்கும். லாரித் தண்ணீரை நம்பிக் கறவை மாடு வைப்பது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. தரையைத் தெரு மட்டத்தைவிட உயர்த்திக் கட்டுங்கள். 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் உங்கள் பகுதிக்குள் கொசத்தலையாற்று நீர் புகுந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். தகரக் கூரையானால் மேலே தென்னங்கீற்றைப் பரப்பி, உயரத்தைக் கூட்டி, மின்விசிறி மாட்டிய பிறகே தண்ணீர் தெளியுங்கள். காற்றோட்டம் இல்லாமல் தண்ணீர் மட்டும் தெளித்தால் கொட்டிலில் புழுக்கம் கூடி மாடு மேலும் மூச்சு வாங்கும்.

கறப்பது ஒரு கலை என்பார்கள். அதற்குள் இருப்பது எளிய உடலியல். கன்று முட்டும்போதோ, கை மடியைத் தடவும்போதோ மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலந்து, மடிக்குள் தங்கிய பாலைக் காம்புக்குத் தள்ளுகிறது. அதன் வேகம் ஆறேழு நிமிடத்தில் அடங்கிவிடும். அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். அடியோ, பட்டாசுச் சத்தமோ, புது ஆளோ மாட்டை மிரள வைத்தால் பால் அடங்கிக்கொள்ளும். கன்று இறந்த பசுவை ஏமாற்ற, அந்தக் கன்றின் தோலில் வைக்கோலை அடைத்த பொம்மைக் கன்றோடு பால்காரர்கள் வீடு வீடாக வந்ததைப் பழைய சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று அந்த இடத்தில் சிலர் ஆக்சிடோசின் ஊசியைப் போடுகிறார்கள். அது பாலை உண்டாக்குவதில்லை, இருப்பதை வெளியே தள்ளுகிறது. நாள்தோறும் போட்டால் ஊசி இல்லாமல் மாடு பால் விடாது. அந்த வழிக்கே போகாதீர்கள். கட்டைவிரலை மடக்கிக் காம்பை நசுக்காமல் முழுக்கையால் கறக்கச் சொல்லுங்கள். கடைசியில் வரும் பாலில்தான் கொழுப்பு மிகுதி என்பதால் மடியில் மிச்சம் வைக்கக் கூடாது.

கறந்து முடித்த அரைமணி நேரம் வரை காம்பின் துளை திறந்தே இருக்கும். அந்நேரத்தில் மாடு சாணத்தில் படுத்தால் கிருமி நேரே மடிக்குள் போகும். அதனால்தான் கறந்தவுடன் தீவனம் வைத்து மாட்டை நிற்க வைக்கிறோம். பாலில் திரிதிரியாக வந்தாலோ, ஒரு காம்பு மட்டும் சூடாக வீங்கினாலோ அது மடிநோய்; அன்றைக்கே மருத்துவம் தொடங்க வேண்டும். சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துப் பூசும் மூலிகை முறையைக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. முற்றிய நோய்க்கு அது மட்டும் போதாது. ஈன்ற இரண்டு மூன்று நாளில் நல்ல கறவைப் பசு தள்ளாடிப் படுத்து, கழுத்தை விலாப் பக்கம் மடக்கிக்கொண்டால் அது பால் காய்ச்சல். பெயர் காய்ச்சலானாலும் உடல் சில்லென்றிருக்கும். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கியதே காரணம், மருத்துவர் நரம்பில் கால்சியம் ஏற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும். கோமாரித் தடுப்பூசியை ஆண்டுக்கு இருமுறை தவறாமல் போடுங்கள்.

கன்றுக்குப் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் புகட்டிவிடுங்கள். அதன் நோய் எதிர்ப்பாற்றல் முழுவதும் அதில்தான் வருகிறது. சீம்பாலைக் கேட்டு அக்கம்பக்கத்தார் பாத்திரத்தோடு நிற்பார்கள். கன்று குடித்த மிச்சத்தைக் கொடுங்கள். காளைக்கன்று பிறந்தால் நகரத்தில் அதை என்ன செய்வது என்பது யாரும் வெளிப்படையாகப் பேசாத கேள்வி. பத்தில் ஒன்பது கிடாரியாகவே பிறக்கச் செய்யும் பாலினம் பிரித்த விந்து ஊசி இப்போது கிடைப்பதால், சற்று விலை கூடினாலும் அதைக் கேட்டுப் போடுவது உங்களைப் போன்றவர்களுக்கு நல்லது.

விற்பனையில் உங்களுக்குச் சங்கடம் இல்லை. 1963-இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து உதவியோடு மாதவரத்தில் பால் பண்ணை எழுந்த காலம் முதல் இப்பகுதி பண்ணைப் பாலுக்குப் பழகியது என்றாலும், கண்ணெதிரே கறந்த பாலுக்கு இன்றும் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் நாலரை, ஆரஞ்சில் 6. ஜெர்சி கலப்பினத்தின் பால் இயல்பாகவே பச்சைப் பாக்கெட்டை ஒட்டி நிற்கும் என்பதால் தயங்காமல் விலை சொல்லலாம். பாலின் அடர்த்தியை அளக்கும் லாக்டோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள், நம்பச் சொல்லவும் வேண்டாம். ஆடையை எடுத்துவிட்டுத் தண்ணீரைச் சேர்த்தால் அது பழைய அளவையே காட்டும். கறந்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் வீடுகளில் சேர்த்துவிடுங்கள். கருச்சிதைவு நோயும் காசநோயும் பச்சைப் பால் வழியே மனிதருக்குத் தொற்றும் என்பதால், காய்ச்சியே குடிக்கச் சொல்லுங்கள்.

மாடு வாங்க வேலூரை அடுத்த பொய்கைச் சந்தைக்குப் போகலாம், தெரிந்தவர் கொட்டிலில் வாங்கினால் இன்னும் நல்லது. இரண்டாம் ஈத்தில், ஈன்று ஒரு மாதத்துக்குள் இருக்கும் மாடாகப் பாருங்கள். முன் வரிசையில் நான்கு அல்லது ஆறு பல் விழுந்து முளைத்திருந்தால் வயது மூன்றிலிருந்து நான்குக்குள். விற்பவர்கள் ஒரு வேளை கறக்காமல் மடியைக் கட்டி வைத்துக் காட்டுவது வழக்கம். எனவே தொடர்ந்து மூன்று வேளை உங்கள் எதிரே கறக்கச் சொல்லி, முதல் வேளையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள். நான்கு காம்பிலும் பால் சமமாக வருகிறதா என்று தனித்தனியே பாருங்கள். 12 இலக்கக் காதுவில்லை இருக்கிறதா என்று பார்த்து, காப்பீட்டையும் அந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. முதலில் தண்ணீரைச் சோதியுங்கள், அடுத்து உரிமத்துக்கு எழுதிக் கொடுங்கள், பிறகு குத்தகை நிலத்தில் கோ 4 கரணைகளை நடுங்கள். நட்ட 75 முதல் 80 நாட்களில் முதல் அறுப்புக்கு வரும், அதன்பின் 45 நாட்களுக்கு ஒருமுறை அறுக்கலாம். அந்த இடைவெளியில் மாதவரம் பால்பண்ணைப் பகுதியிலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கறவை மாடு வளர்ப்புப் பயிற்சி பற்றிக் கேட்டுச் சேர்ந்துவிடுங்கள். உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். முதல் அறுப்புப் புல் கையில் வந்த வாரம் சந்தைக்குக் கிளம்பலாம்.